மூக்கு எழுப்பிவிடும் என்ற மூடநம்பிக்கை

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அன்றைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றாலும் உறுதிமொழி வாசிக்கும் குரல் கேட்கும். கையை நீட்டியபடி வரிசையில் நிற்பார்கள். சேஃப்டி ஆபீசர் வரி வரியாகச் சொல்ல, திருப்பிச் சொல்வார்கள். பிறகு வாசகப் போட்டி, ஓவியப் போட்டி, பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அடுத்த மாதமே ஏப்ரல் 14, தீத்தொண்டு நாள். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். மறுபடியும் மாக் டிரில், மறுபடியும் அசெம்பிளி பாயின்ட்.

இத்தனையும் தேவைதான். 2024 மே மாதக் கடைசியில் காக்களூர் தொழிற்பேட்டையில் பெயின்ட் ஆலை ஒன்று எரிந்து உயிர்கள் போனதைத் திருவள்ளூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் எட்டு மணி நேரம் புகை உணரும் கருவிக்குக் கீழே நின்று வேலை பார்க்கிற அதே ஆள், ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ உள்ள தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கிரில் கேட்டைப் பூட்டி, பிள்ளைகளோடு படுக்கிறார். அந்த வீட்டுக் கூரையில் மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை. கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்: “நம்மது கான்கிரீட் வீடு சார், இதுல எது எரியப் போகுது? அப்படியே புகை வந்தாலும் மூக்கு எழுப்பி விட்டுடாதா?”

ஆலைப் பொறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வீடு கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி என்று எல்லோர் வாயிலும் இதே பதில்தான். இதில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. கான்கிரீட் காப்பாற்றும் என்பது ஒன்று, மூக்கு எழுப்பும் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்.

2023 ஆகஸ்ட் 19, மணலியை ஒட்டிய மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பு. 2018-ல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரியும்வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. ஒரு வீட்டில் பாட்டியும் மூன்று பேத்திகளும் இரவு படுத்தார்கள், காலையில் எழவில்லை. கொசுவை விரட்டச் சுவரில் செருகியிருந்த லிக்விட் மெஷின் சூடேறி உருகி, அருகில் இருந்த அட்டைப்பெட்டியில் விழுந்து தீப்பற்றியது என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. நால்வரும் புகையில் மூச்சுத்திணறித்தான் இறந்தார்கள். ஓலைக்கூரையோ மண்ணெண்ணெயோ சிலிண்டர் வெடிப்போ அந்தக் கதையில் எங்கும் இல்லை. நம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இரவெல்லாம் எரிகிற அதே சின்ன மெஷின்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்தது. தந்தையும் பள்ளியில் படிக்கும் மகளும் புகைக்குத் தப்பக் குளியலறைக்குள் புகுந்தார்கள். அங்கேயே மூச்சடைத்து இறந்தார்கள். அதே 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்து, தூங்கிக்கொண்டிருந்த மூவர் மூச்சுத்திணறி மாண்டார்கள். 2024 செப்டம்பரில் மதுரைப் பெண்கள் விடுதி ஒன்றில், அதுவும் விடியற்காலை, அதுவும் ஃபிரிட்ஜ்; இருவர். நான்கும் சிமென்ட்டும் செங்கல்லுமாக எழுந்த கட்டடங்கள். நான்கிலும் உயிரை எடுத்தது முதன்மையாகப் புகை.

கான்கிரீட் எரியாது என்பதில் எனக்குச் சண்டையில்லை. எரிவது அதற்குள் நாம் அடைத்து வைத்திருப்பது. இலவம்பஞ்சு மெத்தையும் மரக்கட்டிலும் இருந்த காலம் போய்விட்டது. இன்றைக்கு ஃபோம் மெத்தை, ரெக்சின் சோபா, நைலான் திரை, பிளாஸ்டிக் நாற்காலி, பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். பழைய மரச்சாமான்கள் நிறைந்த அறையையும் இன்றைய செயற்கைப் பொருட்கள் நிறைந்த அறையையும் ஒரே நேரத்தில் கொளுத்திப் பார்த்த அமெரிக்காவின் யு.எல். ஆய்வகத்தார், பழைய அறை முழுதாகப் பற்ற அரை மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆனதையும், புதியது ஐந்து நிமிடத்துக்குள் பற்றிக்கொண்டதையும் படம்பிடித்துக் காட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கான்கிரீட் புகையை வெளியே விடாது. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டு, ஓலை வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்த வீடுகள் சீக்கிரம் எரிந்தன, ஆனால் புகை மேலே வழி கண்டது. இப்போதைய வீட்டில் ஏ.சி.க்காக ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறோம். கூரையைத் தொட்ட புகை அங்கிருந்து கட்டில் மட்டத்துக்கு இறங்கச் சில நிமிடங்கள் போதும். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தத் தளமே புகையை நம் தலைக்கு மேல் பிடித்து வைக்கும் மூடி.

சரி, மூக்கு?

தூக்கத்தில் மூக்குக்கு அந்த வேலை கிடையாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடனும் ரேச்சல் ஹெர்ஸும் தூங்குகிறவர்களின் மூக்கருகே புதினா மணத்தையும், பிரிடின் என்ற, குமட்டும் நாற்றமுள்ள ரசாயனத்தையும் விட்டுப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வு அது. கண் செருகும் முதல் கட்டத்தில் பெரும்பாலும் மணம் தெரிந்தது. தூக்கம் ஆழமாக ஆக, எழுந்தவர்கள் குறைந்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் பிரிடின் நாற்றமும் அவர்களை எழுப்பவில்லை. அதே ஆட்களை ஒலி எழுப்பியது. சிறிய ஆய்வுதான், கைவிரலில் எண்ணக்கூடியவர்களை வைத்துச் செய்தது. ஆனாலும் தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. தூக்கத்தில் மூக்கு உறங்கும், காது விழித்திருக்கும். இதோடு கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. புகையை முகர்ந்து எழுவதற்குப் பதில், முகர முகரத் தூக்கம் இன்னும் ஆழமாகப் போகும்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: “அப்போ எண்ணூர்ல?” நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் எழுந்து ஓடினார்களே, அவர்களை எழுப்பியது மூக்குதானே? இல்லை. அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் குத்தும். அது மணத்தின் நரம்பில் போகவில்லை, வலியின் நரம்பில் போனது. மிளகாயை அடுப்பில் போட்டால் தும்முகிறோமே, அந்த வழி. அதோடு, முதலில் விழித்தவர்கள் கத்தி மற்றவர்களை எழுப்பினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அன்றிரவு அந்தக் குப்பத்தில் அலாரமாக இருந்தது அடுத்த வீட்டு மனிதக் குரல்.

மற்ற ஊர்க்காரர்களாவது மூக்கை நம்பட்டும், போனால் போகிறது. கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் இருந்துகொண்டு மூக்கை நம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இங்கே எந்த இரவில் காற்று சுத்தமாக இருந்தது? இரும்பு உருக்காலைகளின் புகை, பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளின் வாடை, அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் அனல் மின்நிலையங்களின் சாம்பல், யாரோ எரிக்கும் குப்பை. நடு இரவில் புகை வாடை வந்தால் இந்த ஊர்க்காரர் என்ன செய்வார்? “கம்பெனிக்காரன் ராத்திரி பாத்து திறந்து விட்டுட்டான்” என்று திட்டிக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். மறுபடி படுப்பார். ஆலைப்புகைக்கு இதுதான் சரியான வைத்தியம். வீட்டு ஹாலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகிக்கொண்டிருந்தால் இதுவே சாவுக்கு வழி. வருடக்கணக்கில் புகையைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய மூக்கைக் காவலுக்கு வைக்கலாம் என்று சொல்கிறவர், சொந்த ஊரின் காற்றை அறியாதவர்.

வீட்டில் யாராவது முழித்திருப்பார்கள் என்ற வாதத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில், முழித்திருக்கும் ஆள் பெரும்பாலும் ஆலைக்குள் இருக்கிறார்.

“அதெல்லாம் வெளிநாட்டு மரவீட்டுக்கு” என்பது அடுத்தது. சிங்கப்பூரில் மரவீடு எங்கே இருக்கிறது? அங்கே பத்தில் எட்டுப் பேர் வசிப்பது வீட்டு வசதி வாரியத்தின் கான்கிரீட் அடுக்குமாடிகளில். அந்த நாடு 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குப் புகை அலாரத்தைக் கட்டாயமாக்கியது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலராவது அந்த அலாரத்துக்குக் கீழே தூங்குகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பி அவர்கள் கட்டும் வீட்டில் அது இல்லை. ஸ்காட்லாந்து ஒரு படி மேலே போனது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-ல் 72 பேர் இறந்த பிறகு சட்டத்தை மாற்றி, 2022 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வீட்டிலும், பழைய வீடானாலும், ஒன்றோடொன்று இணைந்த அலாரங்கள் இருக்கவேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2011 ஆகஸ்டில் ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்து, சட்டம் வந்தது. 2027 ஜனவரிக்குள் அந்த மாநிலத்தில் எல்லா வீட்டிலும், ஒவ்வொரு படுக்கையறையிலும் இணைந்த அலாரம் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் தீ விபத்தில் 7,400-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. பாதிக்கு மேல் குடியிருப்புகளில். அடுப்பு, சிலிண்டர் விபத்தும் அதில் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் உயரம் குறைந்த தனி வீட்டுக்கும் சின்ன அடுக்கு வீட்டுக்கும் இங்கே எந்த விதியும் புகை அலாரம் கேட்பதில்லை. கேட்காததை நாமும் செய்வதில்லை. வாசலில் நான்கு சிசிடிவி கேமரா மாட்டுவோம். திருடன் முகத்தைப் போனில் பார்க்கலாம் என்பதற்காகப் பல ஆயிரம் கொடுப்போம். திருடன் வந்தால் நகை போகும்.

இனி ஒரு வார்த்தை, வாங்கலாம் என்று மனம் இறங்கியவர்களுக்கு. ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். இந்த ஒற்றை அலாரத்தை நான் பாதி ஏமாற்று என்பேன். சாதாரண அலாரம் மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குக் கத்தும். கீழ்த்தள ஹாலில் அது கத்த, மாடியில் ஏ.சி. அறையில் கதவைச் சாத்தி மின்விசிறியும் சுற்ற, படுத்திருப்பவர் காதில் என்ன விழும்? குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவில் டோரத்தி புரூக் என்ற உளவியல் ஆய்வாளர் பல ஆண்டு சோதித்துப் பார்த்ததில், அலாரத்தின் கீச்சுக் குரலுக்குக் குழந்தைகள் பலர் அசையக்கூட இல்லை. தாழ்ந்த சுருதி ஒலி அதைவிட நன்றாக எழுப்பியது. பிள்ளையை அலாரம் எழுப்பும் என்று இருக்கக்கூடாது. பெற்றோரை அலாரம் எழுப்பவேண்டும், பெற்றோர் பிள்ளையைத் தூக்கவேண்டும். அதற்குப் பெற்றோர் தலைக்கு மேலேயே அலாரம் கத்தவேண்டும், தீ எங்கே இருந்தாலும்.

இணைப்பு என்பது இதற்குத்தான். கீழ்த்தள ஹாலில் உள்ளது புகையைக் கண்டால் மாடியில் உள்ளதும் கத்தும். கட்டி முடித்த வீட்டில் இதற்காகச் சுவரை வெட்டி ஒயர் இழுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒயர்லெஸ் வந்தபிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. இரண்டு திருகு, ஒரு டிரில் மெஷின், ஒரு மதிய நேரம் போதும்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது ஒளியால் புகையை உணரும் வகையா என்பது. கருவிக்குள் ஒரு சிறு விளக்கு எரிகிறது. புகை உள்ளே போனதும் அந்த வெளிச்சம் சிதறி, ஓரத்தில் உள்ள கண்ணில் படுகிறது. மெத்தையோ ஒயரோ கனன்று புகைவதை, அதாவது நம் வீடுகளில் இரவில் நடப்பதை, இது முன்கூட்டிப் பிடிக்கும். அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை வைத்து வேலை செய்யும் பழைய அயனி வகை, சுவாலை விட்டு எரியும் தீயைத்தான் வேகமாகப் பிடிக்கும். அது வேண்டாம். பெட்டியில் இ.என். 14604 அல்லது யு.எல். 217 தரச்சான்று எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணே இல்லாமல் மலிவாக வருவது பொம்மை. பேட்டரி பத்தாண்டு உழைக்கும் சீலிட்ட லித்தியமாக இருந்தால் நல்லது. டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்தால் அலாரத்திலிருந்து உருவும் பழக்கம் நம் வீடுகளில் வராது என்று யார் சொல்ல முடியும்? பத்தாண்டு ஆனதும் கருவியையே மாற்றவேண்டும். உள்ளே இருக்கும் கண் மங்கிவிடும்.

கடைக்காரர் வைஃபை மாடலைத்தான் நீட்டுவார், போனில் தெரியும் என்று ஆசை காட்டுவார். போனில் தெரிவது நல்லதுதான். ஆனால் அலாரத்துக்கும் அலாரத்துக்கும் நடுவில் ரவுட்டர் இருந்தால் அது பலவீனம். மின் கோளாறில் தீப்பிடித்தால் முதலில் எம்.சி.பி. விழும், ரவுட்டர் அணையும். சரியாக வேண்டிய நேரத்தில் இணைப்பு போய்விடும். அலாரங்கள் தங்களுக்குள் நேரே ரேடியோவில் பேசிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். வைஃபை மேலதிகமாக இருந்தால் இருக்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சொல்லி வரவழைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இந்த வகைக் கருவிகள் பல 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசும். நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதி மொபைல் போன் சேவைக்குரியது. இங்கே உரிமம் இல்லாமல் சிறு கருவிகளுக்கு விட்டிருப்பது 865 முதல் 868 வரையும், வீட்டுக்குள் குறைந்த சக்தியில் 433-ஐ ஒட்டியும். பெட்டியைத் திருப்பி எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். திறந்த வெளியில் நூறு மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றும் இரும்பு பீரோ ஒன்றும் இருந்தால் அந்த நூறு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்து, ஒன்றின் பொத்தானை அழுத்தி, எல்லாம் கத்துகிறதா என்று பாருங்கள்.

மாட்டும் இடத்தில்தான் நம் வீடுகளின் தனித்தன்மை வருகிறது. வெளிநாட்டுக் கையேட்டில் சீலிங் ஃபேனைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். நமக்கு அதுதான் முதல் பிரச்சினை. சுற்றும் காற்று புகையைக் கருவியை அண்டவிடாது. இறக்கை நுனியிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்கவேண்டும். ஏ.சி. காற்று நேரே படும் இடமும் ஆகாது. சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையில் காற்று தேங்கும், அங்கேயும் வேண்டாம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஹாலில் ஒன்று, மாடிப்படி ஏறும் இடத்தில் ஒன்று. இரண்டு அறை வீட்டுக்கு மூன்று போதும். மூன்றின் விலையும் சேர்ந்து ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனைத் தாண்டாது.

சமையலறையில் மட்டும் புகை அலாரம் வேண்டாம். தாளிக்கும்போதெல்லாம் கத்தும், மூன்றாம் நாள் கழற்றிப் பரணில் போட்டுவிடுவீர்கள். அங்கே வெப்ப அலாரம் மாட்டவேண்டும். புகையைக் கண்டுகொள்ளாது, கூரையோரம் 55, 60 டிகிரியை நெருங்கினால் கத்தும், மற்றவற்றையும் கத்த வைக்கும். “வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட வேண்டாமா?” என்று கேட்கும் அம்மாக்களுக்கும் வழியிருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் சில நிமிடம் வாயை மூடவைக்கும் பொத்தான் உண்டு. பூஜை அறையை ஒட்டி மாட்டாமல் பத்தடி தள்ளி மாட்டினாலே பாதித் தொல்லை தீரும். போகி அன்று தெருவே புகையும் ஒரு காலை நேரம் அது கத்தத்தான் செய்யும். கத்தட்டும். வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனால் தூசி நிஜமான குறை, அதை மறைக்க மாட்டேன். சிப்காட்டை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் திண்டில் விரலை வைத்தால் கருப்பு ஒட்டும். அந்தத் தூசியும் சின்னப் பூச்சிகளும் கருவிக்குள் போனால் நடு இரவில் சும்மா கத்தும். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷாலோ வாக்குவத்தாலோ சுத்தம் செய்யவேண்டும், அப்போதே பொத்தானையும் அழுத்திப் பார்க்கவேண்டும். அலாரம் இருந்தும் பயனில்லாமல் போவது பல நேரம் சும்மா கத்துகிறது என்று கழற்றியதால்தான். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் சாகிறவர்களில் ஐந்தில் மூவர், அலாரம் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில்தான் சாகிறார்கள் என்கிறது அங்குள்ள தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்.

சிமென்ட் ஷீட் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். பல கருவிகளின் அட்டையில் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். திருத்தணி வெயில் என்னவென்று தெரிந்த மாவட்டம் இது. மே மாதத்தில் ஷீட்டுக்கு அடியில் அந்த அளவு காலையிலேயே தாண்டும். அதிக வெப்பம் தாங்கும் கருவியாகப் பார்த்து, ஷீட்டில் மாட்டாமல், சுவரில் கூரையிலிருந்து ஓரடிக்குள் மாட்டவேண்டும்.

அலாரம் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். சமையல் எரிவாயுக் கசிவை அது அறியாது. அதற்குத் தனிக் கருவி உண்டு, அதைத் தரையை ஒட்டி மாட்டவேண்டும், ஏனென்றால் அந்த வாயு காற்றைவிட கனமானது. அலாரம் பூட்டையும் திறக்காது. எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டு, கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டி, சாவியை பீரோவில் வைத்துவிட்டுத் தூங்கும் குடும்பத்துக்கு உலகத்தின் மிகச்சிறந்த அலாரமும் சாவுமணி மட்டுமே. சாவி கேட்டுக்குப் பக்கத்தில், இருட்டில் கை நீட்டினால் எட்டும் ஆணியில் தொங்கவேண்டும். வெளியே நிற்கிறவன் கைக்கு மட்டும் எட்டக்கூடாது.

சொந்த வீட்டுக்காரர்களிடம் இவ்வளவு பேசியாயிற்று. இந்த வட்டாரத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது வாடகை அறைகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்குகிறார்கள். அந்த அறைக்குள்ளேயே ஸ்டவ், அதற்குள்ளேயே துணிக்கயிறு, ஒரே பிளக்கில் எட்டு போன் சார்ஜர். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று விடியற்காலையில் எரிந்து ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர், ஏழு பேர் தமிழர். தீ தரைத்தளத்தில். செத்தவர்களில் பலர் மேல்மாடிகளில், புகையில். கான்கிரீட் கட்டடம் அதுவும். அந்த ஏழு பேருக்காக நாம் அழுதோம், விமான நிலையத்துக்கு அமைச்சர்கள் போனார்கள். நம் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களை நாம் எப்படித் தூங்க வைத்திருக்கிறோம்?

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் வாடகைக்கு விடும் குடியிருப்புக்கு இணைந்த புகை அலாரம் கட்டாயம் என்று ஒரே ஒரு விதி சேர்க்க அரசுக்குப் பெரிய செலவில்லை. தன் தொழிலாளியை ஒப்பந்தக்காரர் எங்கே படுக்க வைக்கிறார் என்று ஆலை நிர்வாகமும் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

அதுவரைக்கும் வீட்டு உரிமையாளர்களுக்குச் சொல்வது இதுதான். ஆள் கணக்குப் பார்த்து வாடகை வாங்குகிறீர்கள், மாதக்கணக்கில் அட்வான்ஸ் வாங்குகிறீர்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, அறைக்கு ஒன்றும் படிக்கட்டுக்கு ஒன்றுமாக, ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்படி, இந்த மாதமே கூரையில் மாட்டுங்கள்.